மேகக் கணிமையும் நம் பதிப்பகங்களின் பேரேடும்

சிறு பதிப்பகம் நடத்துகிறவர்களையும் சிற்றிதழ் கொண்டுவருகிறவர்களையும் இப்போது ஒரு கேள்வி துரத்திக்கொண்டிருக்கிறது. கணக்கு, நூல் இருப்பு, சந்தாதாரர் முகவரி, எழுத்தாளருக்குச் சேரவேண்டிய ராயல்டி ஆகியவற்றைத் தாங்கி நிற்கும் மென்பொருளை அலுவலகக் கணினியிலிருந்து மேகத்துக்கு எப்போது மாற்றுவது? கேள்வி நியாயமானதுதான். அதற்கு இரு திசைகளிலிருந்தும் வந்து விழும் பதில்கள்தான் நியாயமற்றவை. ஒரு திசையில் நிற்பவர் விற்பனைப் பிரதிநிதி. அவருடைய பதில் என்றைக்கும் ஒன்றே: இன்றே, இந்த மாதத்துக்குள், தள்ளுபடி முடிவதற்குள். மறுதிசையில் நிற்பவர் நம்மவர். மென்பொருள் என்ற சொல் காதில் விழுந்ததுமே முகம் சுளித்து, புத்தகம் என்ன மளிகைச் சாமானா, இதையெல்லாம் நம்மிடம் ஏன் கொண்டுவருகிறீர்கள் என்று கேட்கிறார்.

இந்த இருவரையும் மறுத்தே இதை எழுதுகிறோம். நம் கட்சியைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவோம். ஒரே கணக்கை எத்தனை பேர், எத்தனை இடங்களிலிருந்து, ஒரே நாளில் பார்க்கவேண்டியிருக்கிறது என்பதுதான் மாற்றத்துக்குரிய நாளைத் தீர்மானிக்க வேண்டும். விற்பவரின் அவசரமும் நம் அருவருப்பும் அதில் தலையிட இடமில்லை. அந்த நாள் வந்துவிட்டாலும்கூட, திரும்பி வருவதற்கு ஒரு வாசல் இருக்கிறதா என்று நடந்து பார்க்காமல் ஒரு பற்றுச்சீட்டைக்கூட அங்கே ஏற்றக் கூடாது.

இலக்கியம் பேசுமிடத்தில் பேரேட்டுக்கு என்ன வேலை என்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும். தமிழில் ஒரு நூலை ஆயிரம் அல்லது ஆயிரத்து இருநூறு பிரதிகள் அச்சிட்டு, அவை தீரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அப்போது இருப்பை அறிய மென்பொருள் தேவைப்படவில்லை. கிடங்கில் கட்டுகளை எண்ணினால் போதும். இன்று நூறு, ஐம்பது என்று தேவைக்கேற்ப அச்சிடுகிறோம். ஒரு நூல் மூன்று முறை அச்சாகி மூன்று முறையும் தீர்ந்திருக்கும். எழுத்தாளர் கேட்டால் 'போய்க்கிட்டிருக்கு' என்ற பதில்தான் கிடைக்கும். இந்தப் பதிலில் வஞ்சகம் இருக்கும் இடங்கள் உண்டு. ஆனால் பல இடங்களில் பதிப்பாளருக்கே உண்மையில் தெரியாது. கடையில் விற்றது பில் புத்தகத்தில் இருக்கிறது. வெளியூர்க் கடைகளுக்கு, விற்றபின் பணம் என்ற ஏற்பாட்டில் அனுப்பியது ஊழியர் ஒருவரின் டயரியில் இருக்கிறது. இணையத்தில் விற்றது மின்னஞ்சலில். நூலக ஆணைக்குப் போனது ஆடிட்டரிடம் உள்ள கோப்பில். நான்கையும் கூட்டிப் பார்க்க வேண்டுமென்றால் நான்கு பேரை ஒரே நாளில் ஒரே அறையில் உட்காரவைக்க வேண்டும். அது ஆண்டுக்கு ஒருமுறை மார்ச் கடைசியில் நடக்கிறது, அதுவும் வருமான வரிக்காக, எழுத்தாளருக்காக அல்ல.

ஒரு நாவல் பத்தாண்டுகளாக 'அச்சில் இல்லை' என்று சொல்லப்படுவதற்கும், ஒரு சிற்றிதழ் அதன் ஆசிரியர் நோயில் படுத்ததும் நின்றுபோவதற்கும் இதோடு தொடர்பு உண்டு. சந்தாதாரர் பட்டியல் ஒரே மனிதரின் கைப்பெட்டியில் இருந்தால், அவர் படுத்ததும் பத்திரிகையும் படுத்துக்கொள்ளும். ஆகவே, கணக்கைத் தாழ்ந்த விஷயமாகக் கருதும் மனோபாவத்தின் விலையை எழுத்தாளரும் வாசகரும் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அழுத்திச் சொல்கிறோம்.

*

மேகம் என்ற சொல் ஏற்படுத்தும் மயக்கத்தை அகற்றிவிட்டால், எஞ்சுவது வேறொருவருக்குச் சொந்தமான கணினி; இணைய இணைப்பு; மாத வாடகை. அமேசான் 2006இல் தன் சேமிப்பிடத்தையும் கணினித்திறனையும் வெளியாருக்கு வாடகைக்குவிடத் தொடங்கியபோது இந்த வியாபாரம் இன்றைய உருவத்தை அடைந்தது. சிறு வணிகத்திடம் வரும்போது, அடிப்படையில் வேறுபட்ட மூன்று சரக்குகள் இந்த ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் 'எப்போது' என்று கேட்பதில் பொருளில்லை.

முதலாவது, கோப்புகளின் நகலை மட்டும் வெளியே வைப்பது. மென்பொருள் நம் கணினியிலேயே ஓடும். ஒவ்வொரு நாள் இரவும் அன்றைய தரவின் பிரதி ஒன்று இணையத்தின் வழியாகப் போய் வேறோர் ஊரில் உட்காரும். இதற்கு 'எப்போது' என்ற கேள்வியே கிடையாது. இதைச் செய்யாத பதிப்பகம் நேற்றே செய்திருக்க வேண்டும்.

இரண்டாவது, இப்போது பயன்படுத்தும் அதே மென்பொருளை வாடகைக் கணினியில் நிறுவித் தொலைத்திரை வழியாகப் பார்ப்பது. 'டாலி இப்போது மேகத்தில்' என்று விளம்பரப்படுத்தும் சிறு நிறுவனங்கள் பலவும் விற்பது இதைத்தான். நாம் அலுவலகத்தில் பார்த்த அதே திரை, அதே விசைகள், அதே தரவுக் கோப்புறை. இருக்கும் இடம் மட்டும் வேறு. உடன்படாவிட்டால் கோப்புறையை நகலெடுத்துக்கொண்டு வெளியே வந்து, பழையபடி நம் கணினியில் திறந்துகொள்ளலாம். நாம் பார்த்தவரையில் மூன்று, நான்கு பேர் வேலை செய்யும் பதிப்பகத்துக்கு இது மோசமான வழி அல்ல. தொழில்நுட்ப நண்பர்கள் இதை உண்மையான மேகமே அல்ல என்று கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். வாசல் திறந்திருக்கும் வீடு அது.

மூன்றாவது, மென்பொருளையே வாடகைக்கு எடுப்பது. உலாவியைத் திறந்து கடவுச்சொல் கொடுத்தால் கணக்கு தெரியும்; கோப்பு என்று கையில் எதுவும் இராது. பல இடங்களிலிருந்து பயன்படுத்த இதைவிட வசதியானது இல்லை; சரக்கை வெளியே எடுக்க இதைவிடக் கடினமானதும் இல்லை. 'ஏற்றுமதி' என்று ஒரு பொத்தான் இருக்கும். அது வாடிக்கையாளர் பெயர்களையும் பில் தொகைகளையும் அட்டவணையாகத் தரும். எந்தப் பில்லில் எந்த நூல், எந்தக் கடைக்கு என்ன கழிவு, எது திரும்பி வந்தது என்ற இணைப்புகளைப் பெரும்பாலும் தராது. சுவர்களைத் தனித்தனிச் செங்கற்களாக லாரியில் ஏற்றி, இதோ உங்கள் வீடு என்று அனுப்பிவைப்பதைப் போன்றது அது.

*

விற்பனைப் பிரதிநிதியின் முதல் வாதம் பாதுகாப்பு. பெரிய நிறுவனத்தின் தரவு மையம் உங்கள் மேசைக்கடியில் இருக்கும் கணினியைவிடப் பத்திரமானது என்கிறார். வட்டும் மின்சாரமும் பற்றிய பேச்சாக இருந்தால் இதை மறுக்க முடியாது. ஆனால், அங்கே தரவுக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் வட்டு பழுதாவதால் வருவதில்லை. யாரோ ஒருவர் எடுக்கும் முடிவால் வருகிறது. தமிழ் இணைய வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற குழுமங்களில் எத்தனை விவாதங்கள், எத்தனை முதல் கதைகள்! அவை யாஹூ குழுமங்களில் நடந்தன. யாஹூ 2019 இறுதியில் பழைய மடல்களையும் கோப்புகளையும் அகற்றத் தொடங்கி, 2020 டிசம்பரில் குழுமங்களை மொத்தமாக மூடியது. அதற்கு முன்பே, 2009 அக்டோபரில், ஜியோசிட்டீஸ் மூடப்பட்டிருந்தது. எதுவும் எரியவில்லை, எந்த வட்டும் உடையவில்லை. லாபமில்லை என்று கருதினார்கள், மூடினார்கள். தம் கணினியில் நகல் வைத்திருந்தவரிடம் நகல் மிஞ்சியது; மற்றவரிடம் நினைவு.

அவை இலவசச் சேவைகள், பணம் கொடுத்தால் அப்படி நடக்காது என்று பதில் வரும். 2025 ஜூலையில் குஜராத்தின் வாடினாரில் பெரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனம் மைக்ரோசாஃப்டுக்குப் பணம் கட்டித்தான் மின்னஞ்சல் முதலிய சேவைகளைப் பயன்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் அந்நிறுவனத்தின் மீது தடை விதித்ததும் அச்சேவைகள் நிறுத்தப்பட்டன. நயாரா தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதன்பின் அந்த மாத இறுதியில் சேவைகள் திரும்பின. சட்டமும் அரசியலும் எந்தப் பக்கம் நியாயம் சொல்லும் என்பது இங்கே நம் பேச்சல்ல. எண்ணெய் ஆலைக்கு வழக்கறிஞர்கள் உண்டு, பதிப்பகத்துக்கு இல்லை. கடன் அட்டை காலாவதியாகி மூன்று மாத வாடகை நின்றுபோனாலே நம் கணக்கு பூட்டப்படும். அதைத் திறக்கச் சொல்லி நாம் எழுதும் மடலுக்கு இயந்திரம் பதில் எழுதும்.

எதிர்மறை உதாரணங்களையே அடுக்குகிறோம் என்று கருத வேண்டாம். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியம் கூகுள் மேகத்தில் வைத்திருந்த மொத்த ஏற்பாடும், கூகுளின் தரப்பில் நேர்ந்த உள்ளமைவுப் பிழையால் அழிந்தது. இரு வேறு இடங்களில் நகல்கள் இருந்தன. இரண்டும் ஒரே கணக்கின்கீழ் இருந்ததால் சேர்ந்தே அழிந்தன. ஆனாலும் அந்நிறுவனம் பிழைத்தது. வேறொரு நிறுவனத்திடமும் ஒரு நகல் வைத்திருந்ததுதான் காரணம். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் சேமிப்பைக் காக்கும் அமைப்புக்கே அந்த இரண்டாம் நகல் தேவைப்பட்டிருக்கிறது.

இரண்டாவது வாதம் செலவு. மாதம் சில நூறு ரூபாய்தானே என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு மாதம் 800 ரூபாய், மூன்று பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 28,800. அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. மற்ற வணிகர்கள் இந்த வரியைத் தாம் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்வார்கள். அச்சிட்ட நூலுக்கு வரி கிடையாது என்பதால், நூல் மட்டும் விற்கும் பதிப்பகத்துக்குக் கழிக்க எதுவும் இல்லை. வரி முழுவதும் செலவாகவே நிற்கும். ஆக ஆண்டுக்கு 33,984. ஐந்தாண்டில் 1,69,920 ரூபாய். ஒரு கவிதைத் தொகுப்பை எத்தனை முறை அச்சிடலாம் என்று பதிப்பாளர்கள் யோசித்துக்கொள்ளட்டும். வாடகை டாலரில் என்றால் இன்னொரு சுமையும் உண்டு. 2013இன் நடுவில் 60 ரூபாய்க்கு அருகில் இருந்த டாலர், 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டியது. அதே 2013 மே மாதத்தில்தான் அடோபி நிறுவனம், தன் வடிவமைப்பு மென்பொருள்களின் புதிய பதிப்புகளை ஒரே விலைக்கு விற்பதை நிறுத்தி, சந்தாவுக்கு மட்டுமே தருவதாக அறிவித்தது. ஒருமுறை வாங்கிப் பத்தாண்டு பக்கம் அமைத்த தலைமுறைக்கு அந்த அறிவிப்பின் பொருள் மெல்லத்தான் உறைத்தது.

*

இதையெல்லாம் படித்து நம்மவர் தலையசைக்கத் தொடங்கியிருப்பார். அவரிடமும் நாம் பேச வேண்டியிருக்கிறது. அதுவும் கொஞ்சம் கடுமையாகவே.

2015 டிசம்பர் முதல் தேதி இரவு அடையாற்றில் வெள்ளம் பெருகி வந்தபோது சென்னையில் தரைத்தளத்தில் இருந்த எத்தனையோ கிடங்குகளும் அலுவலகங்களும் மூழ்கின. நூல்கள் ஊறிப் பிரிக்க முடியாத பாளங்களாயின. அதைப் பற்றி உருக்கமாக எழுதினோம். நூல்களோடு சேர்ந்து நனைந்த கணினிகளைப் பற்றி அதிகம் எழுதவில்லை. நூலை மறுபடி அச்சிடலாம், பக்கம் அமைத்த கோப்பு இருந்தால். கோப்பும் அதே மேசையின் கீழ் இருந்தது. வெளித் தகட்டில் நகல் எடுத்து வைத்திருந்தவர்களில் சிலர் அந்தத் தகட்டை அதே மேசையின் இழுப்பறையில்தான் வைத்திருந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை மீண்டும் மூழ்கியது. எட்டு ஆண்டுகளுக்கு இடையில் என்ன மாற்றினோம் என்று ஒவ்வொரு பதிப்பகமும் தன்னைக் கேட்டுக்கொள்வது நல்லது.

வெள்ளம் வராவிட்டாலும் வேறு வழிகள் இருக்கின்றன. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வானக்ரை போன்ற பணயநிரல்கள் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டன. அவை புகுந்தது பெரும்பாலும் புதுப்பிக்கப்படாத விண்டோஸ் கணினிகளில். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துபோனது. இன்னும் விண்டோஸ் 7இல் பேஜ்மேக்கரை ஓட்டிக்கொண்டு, அந்தக் கணினியையே இணையத்திலும் இணைத்து வைத்திருக்கும் அலுவலகங்கள் நமக்குத் தெரிந்தே உண்டு. அவர்கள் மேகத்தை நம்பமாட்டார்களாம்!

நம்பாமைக்குத் தத்துவ ஆதரவும் தேடுகிறார்கள். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 2008இலேயே மேகக் கணிமையைப் பொறி என்று சொன்னது உண்மை. அவர் எச்சரித்ததில் பெரும்பகுதி நடந்தும்விட்டது. ஆனால் அவர் மாற்றாகச் சொன்னது, தன் கணினியைத் தானே ஆள்வது. நம் அலுவலகக் கணினியை ஆள்வது யார்? மாதம் ஒருமுறை வந்து, தூசி தட்டி, திருட்டு மென்பொருளை நிறுவிவிட்டுப் போகும் பையன். முப்பத்தேழு சிக்னல்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2022இல் மேகத்தை விட்டு வெளியேறுவதாக அறிவித்ததையும் சிலர் காட்டுகிறார்கள். அவர்களிடம் சொந்த சர்வர்களும், அவற்றைப் பார்த்துக்கொள்ளச் சொந்தப் பொறியாளர்களும் இருந்தார்கள். ஆண்டுக்குப் பல லட்சம் டாலர் வாடகை கட்டுகிறவருக்குச் சொந்த வீடு லாபம். அவர் கணக்கை எடுத்து நம் ஒற்றை அறைக்குப் பொருத்தக் கூடாது.

இன்னொரு தயக்கமும் இருக்கிறது. அதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. கணக்கு மேகத்தில் இருந்தால் பிறர் பார்த்துவிடுவார்கள் என்பது அது. பிறர் என்றால் அமெரிக்க உளவுத்துறை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உள்ளே இருக்கும் அச்சம் உளவுத்துறையைப் பற்றியதல்ல. தன் நூலின் விற்பனையை எழுத்தாளர் எந்த நாளிலும் திறந்து பார்த்துவிடக்கூடும் என்பதே சிலரை உறுத்துகிறது. இதை எல்லாப் பதிப்பாளர்களையும் பற்றிச் சொல்லவில்லை. பெரும்பாலோர் கைக்காசைப் போட்டு நூல் வெளியிடுகிறவர்கள் என்பதை அறிவோம். ஆனால் அச்சம் இதுதான் என்றால், அதற்குத் தரவுப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டக் கூடாது.

*

எப்போது என்ற கேள்விக்கு வருவோம். ஒருவரே உரிமையாளர், ஒரே கடை, ஒரே கணினி என்று இருக்கும் வரையில் மென்பொருளை மாற்ற எந்த அவசியமும் இல்லை. தினசரி நகல் வெளியே போய்க்கொண்டிருந்தால் போதும். கிடங்கு வேறிடத்துக்குப் போகிறது, அல்லது இணைய விற்பனை தொடங்குகிறது, அல்லது ஆடிட்டர் தன் அலுவலகத்திலிருந்தே பார்க்க விரும்புகிறார் என்னும்போது நிலைமை மாறுகிறது. கடையில் கடைசிப் பிரதியை விற்றுக்கொண்டிருக்கும் அதே மணியில் இணையத்தில் அதே பிரதிக்கு ஒருவர் பணம் கட்டிவிடுகிறார். பணத்தைத் திருப்பி அனுப்பி வருத்தம் தெரிவிக்கிறோம். இது ஆண்டில் ஒருமுறை நடந்தால் விபத்து. மாதம் இருமுறை நடக்கிறது என்றால் அந்த நாள் வந்துவிட்டது.

வந்துவிட்டதென்று உடனே ஏற்றிவிடவும் முடியாது. இங்கேதான் தமிழுக்கே உரிய தொல்லை ஒன்று குறுக்கே நிற்கிறது. வெளியூர் நிபுணர்கள் எவரும் இதைச் சொல்லித்தருவதில்லை. நம் பழைய பட்டியல்கள் எந்த எழுத்துருவில் இருக்கின்றன? பாமினியில், டாபில், அல்லது எழுத்துரு விற்பவர் ஒருவர் தமக்கென்று உருவாக்கிய குறியீட்டில். திரையில் தமிழாகத் தெரியும். கணினியைப் பொறுத்தவரை அவை ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கலந்த குப்பை. அதை மேகத்தில் ஏற்றினால் குப்பையாகவே தெரியும். தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டு ஆணையிட்டது. அதற்குப் பிறகும் நம் அச்சுலகம் பல ஆண்டுகள் பழைய எழுத்துருக்களிலேயே கிடந்தது, பேஜ்மேக்கருக்கு ஒருங்குறி தெரியாது என்பதால். 2001இல் வந்த ஏழாம் பதிப்பே அதன் கடைசிப் பதிப்பு. ஒரு மென்பொருளின் முதுமைக்கு ஒரு மொழியின் அச்சுலகமே காத்துக்கொண்டிருந்தது விசித்திரம்தான்.

எழுத்துருவை மாற்றிவிட்டாலும் பெயர்கள் இருக்கின்றன. 'தி.ஜானகிராமன்', 'தி. ஜானகிராமன்', 'ஜானகிராமன், தி.' என்று மூன்று விதமாகத் தட்டியிருந்தால், நமக்கு ஒருவர். மென்பொருளுக்கு மூன்று எழுத்தாளர்கள். 'மோகமுள்' என்பதைப் பில் போடுகிறவர் ஆங்கில எழுத்தில் நான்கு விதமாகத் தட்டியிருப்பார். ராயல்டி கணக்கிடும்போது இந்த நான்கில் ஒன்று மட்டும் அகப்படும். இதைச் சீர்செய்ய எந்த மேகமும் உதவாது. தமிழ் தெரிந்த, பொறுமையுள்ள ஒருவர் இரண்டு மூன்று மாதம் உட்கார்ந்து ஒரே பட்டியலாக்க வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் ஐஎஸ்பிஎன் எண்ணை எதிரே எழுத வேண்டும். பழைய நூல்களுக்கு அது இல்லையென்றால் நாமே ஒரு எண் தர வேண்டும். மாற்றத்தின் உண்மையான வேலை இதுதான். இதை முடித்தவருக்கு எந்த மென்பொருளும் பொருந்தும். முடிக்காமல் போனவர் அலங்கோலத்துக்கு மாத வாடகை கட்டுவார்.

காலண்டரும் முக்கியம். நவம்பரிலிருந்து ஜனவரி வரை எந்தப் பதிப்பகமும் எதையும் மாற்றக் கூடாது; சென்னைப் புத்தகக் காட்சிக்கான அச்சு வேலை கழுத்தை நெரிக்கும் காலம். அரங்கில் கூட்டம் அலைமோதும் ஞாயிறு மாலையில் இணைப்பு துவண்டு, யுபிஐ சுழன்றுகொண்டே நிற்பதைப் பார்க்காதவர் இல்லை. இணைப்பு அறுந்தாலும் பில் போட்டு, பிறகு சேர்த்துக்கொள்ளும் வசதி இல்லாத மென்பொருளை அங்கே கொண்டுபோவது தற்கொலைக்குச் சமம். பிப்ரவரி, மார்ச் ஆண்டுக் கணக்கு. ஆகவே ஏப்ரல் முதல் தேதி. பழைய ஆண்டின் முடிவிருப்பைப் புதியதில் தொடக்க இருப்பாக எழுதி, ஜூன் வரை இரண்டிலும் பதிந்து, மூன்று மாத முடிவில் இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. இரட்டை வேலைதான். அதைச் செய்ய ஆளில்லை என்றால் அடுத்த ஏப்ரலுக்குத் தள்ளிப்போடுவதில் அவமானம் ஒன்றுமில்லை. பட்டியலைச் சீராக்கும் வேலையை மட்டும் அதுவரை தள்ளக் கூடாது.

எந்த மென்பொருள் என்ற வாதத்தில் நாம் அதிகம் நுழையப் போவதில்லை. மேகம் என்றதும் கலிஃபோர்னியாவை நினைக்க வேண்டியதில்லை. 1996இல் தொடங்கிய ஜோஹோ சென்னையிலிருந்தும் தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறையிலிருந்தும் உலகத்துக்கு இதைத்தான் விற்கிறது. பக்கத்து ஊர்க்காரர் என்பதற்காக ஒப்பந்தத்தைப் படிக்காமல் விடவும் கூடாது. மும்பையிலிருந்து வரும் இஆர்பிநெக்ஸ்ட் போன்ற கட்டற்ற மென்பொருளை இன்று வாடகைக் கணினியிலும் நாளை சொந்தக் கணினியிலும் ஓட்டலாம். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதே அதன் விலை. பத்துப் பதிப்பகங்கள் சேர்ந்து ஓர் ஆளை அமர்த்திக்கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றுகிறது. பத்துத் தமிழ்ப் பதிப்பாளர்கள் ஒரு விஷயத்தில் சேர்வதைப் பற்றி இப்போதைக்கு அதிகம் பேசாமலிருப்பது உசிதம்.

பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவு செய்தவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்னணுக் கணக்கேடுகளின் நகலை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் நாள்தோறும் வைத்திருக்க வேண்டுமென்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. திருத்தங்களின் தடம் அழியாமல் பதியும் மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. தனியுரிமைப் பதிப்பகங்களுக்கு இவை பொருந்தா என்றாலும், இரண்டாவது விதி ராயல்டிக் கணக்குக்கும் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

வாசலைச் சோதிப்பது எப்படி என்றால், பணம் கட்டுவதற்கு முன் தரும் இலவச நாட்களிலேயே செய்ய வேண்டும். ஐம்பது நூல்கள், இருபது பில்கள், ஐந்து திரும்பிவந்த பிரதிகள், இரண்டு ராயல்டிக் கணக்குகள் ஆகியவற்றைப் பதிந்துவிட்டு, அனைத்தையும் வெளியே எடுத்து, அந்த மென்பொருளைத் திறக்காமலேயே ஓர் எழுத்தாளருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். முடிந்தால் உள்ளே போகலாம். முடியாவிட்டால் எத்தனை தள்ளுபடி தந்தாலும் வேண்டாம். உள்ளே போனபின்னும் மாதம் ஒருமுறை இதே போல் எடுத்து, வேறொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும்.

யார் பெயரில் கணக்கைத் தொடங்குவது என்பது சிறிய விஷயமாகத் தோன்றும். பெரும்பாலும் அன்றைக்கு அலுவலகத்தில் இருந்த இளைஞரின் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும்தான் பதிவாகின்றன. அவர் ஓராண்டில் வேலையை விட்டுப் பெங்களூர் போய்விடுவார். ஒருமுறைக் கடவுச்சொல் அவருக்கே போய்க்கொண்டிருக்கும். நல்ல பையன் என்றால் கேட்டவுடன் சொல்வார், அவர் கூட்டத்தில் இல்லாத நேரத்தில். பதிப்பகத்தின் பெயரில் தனியாக ஒரு சிம் கார்டு வாங்கி, ஒரு பழைய கைபேசியில் போட்டு, மாதாமாதம் ரீசார்ஜ் செய்து அலுவலகத்திலேயே வைத்துவிடலாம். தரைத்தளமாக இருந்தால் மேல் அலமாரியில்.